விட்டுக்கொடுக்க அதிகாரமில்லாத தூதர்

1704 ஜூலை 8-ஆம் தேதி புதுச்சேரியில் இயேசு சபைக் குருக்களிடம் ஒரு லத்தீன் கட்டளை ஒப்படைக்கப்பட்டது. பதினாறு பிரிவுகள் கொண்ட அதில் ஜூன் 23 என்று தேதியிட்டிருந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கட்டக் கூடாது. வேண்டுமானால் சிலுவையோ மாதாவின் உருவமோ பொறித்துக்கொள்ளலாம். 108 இழை சேர்த்து மஞ்சள் தோய்த்த தாலிச் சரடு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. பெண் வயதுக்கு வந்ததற்குச் சடங்கு வைக்கக் கூடாது. சாணச் சாம்பலை நெற்றியில் பூசக் கூடாது. இந்துக் கோயில் திருவிழாக்களில் கிறிஸ்தவ மேளக்காரர்கள் வாசிக்கக் கூடாது. ஞானஸ்நானத்தில் குரு எச்சில் தொட்டு வைக்கும் சடங்கை, இங்குள்ளவர்கள் அருவருக்கிறார்கள் என்பதற்காக விட்டுவிடக் கூடாது. பிறந்த வீட்டிலிருந்து இறந்த வீடுவரை கை வைத்த அந்தக் கட்டளையை எழுதியவர் தமிழ் தெரியாத, உள்நாட்டுக் கிராமம் ஒன்றைக்கூடப் பார்க்காத, 35 வயது இத்தாலியர். கட்டளையைக் கொடுத்த மூன்றாம் நாள், ஜூலை 11 அன்று, அவர் கப்பலேறிச் சீனாவை நோக்கிப் போய்விட்டார்.

அவர் பெயர் சார்ல் தோமா மய்யார் தெ தூர்னோன். 1668 டிசம்பரில் தூரின் நகரில், சவோய் நாட்டுப் பிரபு குடும்பத்தில் பிறந்தவர், ரோமில் படித்தவர். 1701 டிசம்பரில் திருத்தந்தை பதினோராம் கிளமெண்ட் அவரை இந்தியாவுக்கும் சீனாவுக்கும் தம் முழு அதிகாரத் தூதராக நியமித்து, அந்தியோக்கியாவின் முதுபெருந்தந்தை என்ற பட்டத்துடன் தம் கையாலேயே ஆயராகத் திருநிலைப்படுத்தினார். ஒன்பது ஆண்டுகள்கூட முடியவில்லை. 1710 ஜூனில் மக்காவ் நகரில் போர்த்துக்கீசியக் காவலுக்குள் அவர் இறந்தார். அப்போது அவர் கர்தினால், வயது 41. வரலாற்று நூல்கள் அவரை இரண்டு விதமாகத்தான் காட்டுகின்றன. ஒரு சாராருக்கு அவர் நூறாண்டு உழைப்பைக் கெடுத்த முரட்டுப் பிடிவாதக்காரர். இன்னொரு சாராருக்கு, சூழ்ச்சிக்காரர்களிடம் சிக்கியும் கொள்கையை விடாத வேதசாட்சி. இரண்டுமே அவருடைய குணத்தைப் பற்றிய தீர்ப்புகள். குணம் அல்ல, அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலைதான் அவரைக் கவிழ்த்தது என்பது என் வாதம். தூதர் உடையில் ஒரு நீதிபதியை ரோம் அனுப்பியது. பேசுவதற்கு அவருக்கு அளவற்ற அதிகாரம் இருந்தது. விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. இது பெய்ஜிங்கில் வெளிப்பட்டது என்று பொதுவாக எழுதுவார்கள். அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே புதுச்சேரியில் அது முழுதாகத் தெரிந்துவிட்டது.

அவர் கையில் இருந்த வேலை என்ன என்று பார்ப்போம். மறைபரப்பாளர்களிடையே சமாதானம் செய்ய வேண்டும், மறைத்தளங்களின் நிலையை ரோமுக்குத் தெரிவிக்க வேண்டும், தேவைகளைக் கவனிக்க வேண்டும்; இவை பட்டியலில் இருந்தன. உண்மையான வேலை, சீனக் கிறிஸ்தவர்கள் முன்னோருக்கும் கன்பூசியஸுக்கும் செய்துவந்த மரியாதைச் சடங்குகளை நிறுத்துவது. இந்தப் பிரச்சினையில் ரோமின் பேச்சு ஒரே மாதிரி இருந்ததில்லை. 1645-இல் தொமினிக்கன் குருக்கள் சடங்குகளை வழிபாடு என்று விவரித்தபோது ரோம் தடை விதித்தது. 1656-இல் இயேசு சபையார் அதே சடங்குகளைக் குடிமை மரியாதை என்று விவரித்தபோது அனுமதித்தது. 1669-இல் கேட்டபோது, இரண்டுமே அந்தந்த விவரணைக்குப் பொருந்தும் என்று சொல்லி நழுவியது. தமிழ்நாட்டு விஷயத்திலும் அப்படித்தான். மதுரையில் 1606-இல் வந்து சன்னியாசி வேடம் பூண்ட ராபர்ட் தெ நொபிலியின் முறைகளைப் பற்றிப் பெரும் சண்டை நடந்து, 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைச் சில நிபந்தனைகளுடன் அனுமதித்திருந்தார். இப்படி இரு பக்கமும் சாட்சியம் உள்ள ஒரு வழக்கில், நேரில் போய்ப் பார்த்து வரச் சொல்லி ஒருவரை அனுப்புவது நியாயமான காரியம். ஆனால் தூர்னோன் புறப்படும்போதே ரோமின் விசாரணை மன்றம் சீன வழக்கைத் தானே தீர்க்க எடுத்துக்கொண்டிருந்தது. 1704 நவம்பர் 20 அன்று அது தடைத் தீர்ப்பும் சொல்லிவிட்டது; அன்று தூர்னோன் சீன மண்ணில் கால் வைக்கவே இல்லை. பார்த்து வர அனுப்பப்பட்டவரின் அறிக்கைக்கு யாரும் காத்திருக்கவில்லை.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. கிழக்கு நாடுகளின் திருச்சபை அன்று போர்த்துக்கல் மன்னரின் ஆதரவுரிமைக்குள் இருந்தது. ஆயர்களை நியமிக்கப் பெயர் கொடுப்பவர் மன்னர், செலவை ஏற்பவரும் மன்னர். கோவா, மயிலாப்பூர், மக்காவ் எல்லாம் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கியவை. 1622-இல் ரோம் விசுவாசப் பரப்புப் பேராயத்தை அமைத்தபின், அந்த உரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தன் நேரடிப் பிரதிநிதிகளை அனுப்பத் தொடங்கியது. லிஸ்பன் அதைக் களவு என்றே கருதியது. இந்த நிலையில் தூர்னோன் போர்த்துக்கீசியக் கப்பலில் வரவில்லை. பிரெஞ்சு அரசக் கப்பலில் 1703 பிப்ரவரியில் கிளம்பி, கோவாவில் தலைகாட்டாமல், நவம்பர் 6 அன்று பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியில் இறங்கினார். அவர் வந்து இறங்கிய விதமே கோவா பேராயருக்கு ஒரு சவாலாகப் பட்டிருக்கும். அவருடைய அதிகாரம் தாளில் எவ்வளவு பெரிதோ, தரையில் அவ்வளவு சிறிது.

புதுச்சேரியில் அவர் தங்கியது எட்டு மாதம். உடல்நிலை மோசமாக இருந்ததால் உள்நாட்டு மறைத்தளங்களுக்குப் போக முடியவில்லை. ஊரிலோ கப்புச்சின் சபையாருக்கும் இயேசு சபையாருக்கும் ஏற்கெனவே தீராத பகை. 1699-இல் மயிலாப்பூர் ஆயர் புதுச்சேரித் தமிழ்க் கிறிஸ்தவர்களின் பங்கை இயேசு சபையிடம் கொடுத்து, கப்புச்சின் குருக்களை ஐரோப்பியர்களோடு நிறுத்திவிட்டார். ஆகவே, 'மலபார் சடங்குகள்' பற்றிய குற்றச்சாட்டில் மறையியலும் இருந்தது, பங்குச் சண்டையும் இருந்தது. (அன்றைய ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றே அழைத்தார்கள், கேரளத்துக்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தமில்லை.) இருந்தும் தூர்னோன் எதிர்த்தரப்பின் பேச்சை மட்டும் கேட்டு முடிவு செய்தார் என்று சொல்ல முடியாது. கர்நாடக மறைத்தளத்தின் தலைவர் ழான் வெனான் புஷே, மதுரை மறைத்தளத்தின் பெர்த்தோல்தி என்ற இரண்டு அனுபவமுள்ள இயேசு சபைக் குருக்களைத்தான் அவர் விசாரித்தார். இருவரும் தமிழ் மண்ணை நன்கு அறிந்தவர்கள். கட்டளையின் முன்னுரை அவர்கள் தந்த தகவலையே ஆதாரமாகக் காட்டுகிறது.

இங்கேதான் முதல் மறுப்பு எழும். தக்க சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்புச் சொன்னவரைக் கண்மூடித்தனமாக நடந்தார் என்று எப்படிக் குறை சொல்வது? குறை விசாரணையில் இல்லை, விசாரணைக்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. தாலியில் பிள்ளையார் உண்டா, சரடில் எத்தனை இழை, தேங்காய் உடைப்பதுண்டா என்று கேட்டால், உண்டு என்ற பதில் வரும். அந்தச் சரடும் தேங்காயும் இல்லாமல் போனால் ஊரார் பார்வையில் அது கல்யாணமாகுமா, பெண் வீட்டார் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா, எதை மாற்றினால் மக்கள் பொறுப்பார்கள், எதை மாற்றக் காலம் வேண்டும் என்ற கேள்விகள் பேச்சுவார்த்தைக்கு உரியவை. அவற்றைப் பேசுவதற்கான நேரம் கட்டளை எழுதப்படுவதற்கு முன்னால் இருந்திருக்க வேண்டும். ஜூன் 23 தேதியிட்டதை ஜூலை 8 வரை வைத்திருந்து, மூன்று நாளில் கப்பலேறியவர் மறுமொழிக்கு இடம் வைக்கவில்லை. குருக்கள் ஓடிப்போய் முறையிட்டபோது, சில பிரிவுகளை மீறினால் வரும் தண்டனையைச் சிறிது காலம் நிறுத்திவைக்க வாய்மொழியாக இசைந்தார் என்பது இயேசு சபையாரின் கூற்று. அது உண்மையானால், கட்டளை நடைமுறைக்கு ஒத்துவராது என்று எழுதியவருக்கே அப்போது உறைத்திருக்கிறது. ஆனால் எழுத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை.

அதே சமயம், இந்தக் கட்டளையை அந்நியனின் அறியாமை என்று மொத்தமாக ஒதுக்குபவர்களோடும் நான் உடன்படவில்லை. அதில் ஒரு பிரிவு, சாகக் கிடக்கும் பறையர் கிறிஸ்தவர்களின் குடிசைக்குள் குரு போக வேண்டும் என்கிறது. அன்றைய வழக்கம் என்னவென்றால், உயர்சாதியாரிடையே வேலை செய்த குருக்கள் சேரிக்குள் நுழைந்தால் தங்கள் மதிப்புப் போய்விடும் என்று அஞ்சினார்கள். நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓரிடத்துக்கு வர வேண்டும், அங்கே வைத்து அவஸ்தைப் பூசுதல் நடக்கும். தூர்னோன் இதைக் கேட்டதும் கொதித்துப்போனார் என்பது அந்தப் பிரிவின் நடையிலேயே தெரிகிறது. பெரிய குலத்தில் பிறந்த இந்து வைத்தியர்களே உடம்பைக் குணப்படுத்தப் பறையரிடம் போகத் தயங்காதபோது, ஆன்மாவின் வைத்தியர்கள் தயங்குவதா என்ற பொருளில் எழுதினார். மாதவிலக்கான பெண்களைக் கோயிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கக் கூடாது என்ற இன்னொரு பிரிவும் உண்டு. மண்ணோடு பழகியவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாமலே போயிருந்தது, அல்லது பட்டும் பழகிப்போயிருந்தது. எட்டு மாதம் அறைக்குள் கிடந்த அந்நியருக்கு அது உடனே உறுத்தியது. பதினாறில் இந்தப் பிரிவுகள் சரியானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தாலிச் சரடையும் சேரிக் குடிசையையும் ஒரே தண்டனைக்குக் கீழே, ஒரே தாளில் வைத்ததால், முதலாவதை எதிர்க்க நியாயமான காரணம் வைத்திருந்தவர்கள் இரண்டாவதையும் சேர்த்தே எதிர்க்க வசதியாகிவிட்டது. எதை உடனே வற்புறுத்துவது, எதை விட்டுப் பிடிப்பது என்று தரம் பிரிப்பது தூதரின் தொழில். நீதிபதிக்கு அது தேவையில்லை.

சீனாவில் இதே முறை, பலமடங்கு பெரிய அரங்கில், பலமடங்கு சக்தி வாய்ந்த எதிராளியின் முன் அரங்கேறியது. 1705 ஏப்ரலில் தூர்னோன் மக்காவ் நகருக்கும் டிசம்பரில் பெய்ஜிங்குக்கும் வந்தார். காங்சி பேரரசர் 1692-இலேயே கிறிஸ்தவத்துக்கு அனுமதி ஆணை கொடுத்தவர். சடங்குகள் குடிமை மரியாதையே என்று 1700-இல் இயேசு சபையாருக்கு எழுத்தில் உறுதியும் சொன்னவர். டிசம்பர் 31 அன்று நடந்த முதல் சந்திப்பில் நோயாளியான தூதரை உட்காரவைத்துப் பேசினார். எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். நன்றி சொல்ல வந்தேன் என்றார் தூர்னோன். எல்லா மறைபரப்பாளர்களுக்கும் மேலாகப் பெய்ஜிங்கில் ரோமின் பிரதிநிதி ஒருவர் இருக்கலாமே என்று ஒரு கோரிக்கையும் வைத்தார். அப்படியானால் என் அரண்மனையில் நெடுநாள் இருந்து, எங்கள் முறை தெரிந்தவராக இருக்கட்டும் என்று பேரரசர் பதில் சொன்னார். மறுத்ததுபோலத் தோன்றினாலும், நிபந்தனையோடு ஒரு கதவைத் திறந்துவைத்த பதில் அது. எந்தத் தூதரும் அந்த இடத்திலிருந்து பேரத்தைத் தொடங்குவார். தூர்னோனிடம் பேரம் பேச ஒன்றுமில்லை. வந்த உண்மையான காரணத்தை வெளியே சொல்லவும் முடியவில்லை. ஆறு மாதம் காய்ச்சலும் வலியுமாகக் கழிந்தது. அரசவையில் செல்வாக்குள்ள போர்த்துக்கீசிய இயேசு சபையார், குறிப்பாகத் தோமாஸ் பெரெய்ரா, அவருக்கு எதிராக வேலை செய்தார்கள் என்பதும் உண்மைதான்.

1706 ஆகஸ்டில் சங்கதி அம்பலமானது. ஃபூஜியனில் 1693-இலேயே சடங்குகளைத் தடை செய்திருந்த பிரெஞ்சு ஆயர் சார்ல் மேக்ரோவைத் தூர்னோன் தம் நிபுணராக முன்னிறுத்தினார். பேரரசர் அவரைத் தம் கோடை அரண்மனைக்கு அழைத்துச் சோதித்தார். சிம்மாசனத்துக்குப் பின்னால் எழுதியிருந்த நான்கு எழுத்துக்களை வாசிக்கச் சொன்னார். மேக்ரோவால் முழுதாக வாசிக்க முடியவில்லை. எழுத்தே தெரியாதவர்கள் எங்கள் நூல்களின் பொருளைத் தீர்மானிக்க வந்துவிட்டார்கள் என்ற கோபம் பேரரசருக்கு வந்ததில் வியப்பில்லை. தூர்னோன் ஆகஸ்ட் இறுதியில் தலைநகரை விட்டு அனுப்பப்பட்டார். டிசம்பரில் ஆணை வந்தது: சீனாவில் இருக்க விரும்பும் ஒவ்வொரு குருவும், சடங்குகளை அனுமதித்த இயேசு சபைக் குரு மத்தேயோ ரிச்சி நடந்த வழியில் நடப்பேன், ஐரோப்பாவுக்குத் திரும்ப மாட்டேன் என்று உறுதி சொல்லி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ரோமின் தடைத் தீர்ப்பை அறிந்திருந்த தூர்னோன் அதற்குப் பதிலாக நான்ஜிங்கில் 1707 ஜனவரி 25 அன்று தம் கட்டளையை எழுதினார். சடங்குகளைப் பற்றி அதிகாரிகள் கேட்டால், கூடாது என்றுதான் பதில் சொல்ல வேண்டும். மீறினால் சபை விலக்கம். ஆணைக்குக் கீழ்ப்படிந்தால் திருச்சபை தள்ளும், கட்டளைக்குக் கீழ்ப்படிந்தால் பேரரசர் நாடு கடத்துவார். நடுவில் நின்ற குருக்கள் பலர் மூட்டை கட்டினார்கள். மேக்ரோ வெளியேற்றப்பட்டார். தூதரின் மொழிபெயர்ப்பாளராக இருந்த அப்பியானி என்ற குரு பல ஆண்டுகள் சிறையில் வாடினார். இந்தக் கதையில் யாரும் கண்டுகொள்ளாத ஆள் அவர்தான்.

பேரரசர் தூர்னோனை மக்காவுக்கு அனுப்பி, அங்கேயே நிறுத்திவைக்கச் சொன்னார். போர்த்துக்கீசியருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. எங்கள் மன்னரின் இசைவில்லாமல் வந்தவருக்கு இங்கே அதிகாரமில்லை என்றார்கள். கோவாவும் அதையே சொன்னது. மக்காவ் ஆயரும் ஏற்கவில்லை. வீட்டைச் சுற்றிச் சிப்பாய்கள் நின்றார்கள். உள்ளேயிருந்து அவர் சபை விலக்கங்களை விடுத்துக்கொண்டிருந்தார். 1707 ஆகஸ்டிலேயே திருத்தந்தை அவரைக் கர்தினாலாக உயர்த்தியிருந்தார். சிவப்புத் தொப்பியைக் கொண்டுவந்த குருக்கள், பின்னாளில் காங்சியின் அரண்மனையில் செதுக்கோவியராக வேலை பார்த்த மத்தேயோ ரிப்பா உட்பட, 1710 ஜனவரியில்தான் மக்காவை எட்டினார்கள். ஐந்து மாதம் கழித்து அவர் இறந்தார். ரோம் அவருடைய நெஞ்சுறுதியைப் புகழ்ந்தது, அவருடைய கட்டளைகள் செல்லும் என்றது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. முன்கோபக்காரரும் நோயாளியுமான ஒருவருக்குப் பதில், இங்கிதமும் பொறுமையும் உள்ளவரை அனுப்பியிருந்தால் நடந்திருக்கும் அல்லவா? வரலாறு அதிர்ஷ்டவசமாக அந்தச் சோதனையையும் நடத்திப் பார்த்திருக்கிறது. 1715-இல் ரோம் தடையை இன்னும் கடுமையாக்கி அறிவித்தபின், 1720-இல் கார்லோ அம்புரோஜியோ மெட்சபார்பாவைத் தூதராக அனுப்பியது. அவரும் முதுபெருந்தந்தை பட்டம் பெற்றவர். ஆனால் மென்மையானவர், தமக்கு முன் போனவரின் கதி தெரிந்தவர், லிஸ்பன் வழியாக, போர்த்துக்கல் மன்னரைச் சமாதானம் செய்துகொண்டு வந்தவர். பேரரசர் பலமுறை அழைத்துப் பேசினார். 1715-இன் தடை ஆவணம் மொழிபெயர்க்கப்பட்டுக் கையில் கிடைத்ததும், இனி இந்த மதத்தைப் பரப்ப வேண்டாம், தொல்லை மிச்சம் என்ற கருத்தில் சிவப்பு மையில் குறிப்பெழுதினார். மெட்சபார்பா கடைசியில் 1721 நவம்பரில் மக்காவிலிருந்து எட்டுச் சலுகைகளை அறிவித்துப் பார்த்தார். 1742-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அந்த எட்டையும் செல்லாதவை என்று தள்ளிவிட்டார். நல்ல குணமுள்ள தூதருக்கும் அதே முடிவுதான். அவர் விட்டுக்கொடுத்ததை அவரை அனுப்பியவர்களே திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பது மட்டும் கூடுதல்.

நம்பிக்கை சார்ந்த விஷயத்தில் ரோம் பேரம் பேசியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு என்று மூன்றாவதாகச் சொல்வார்கள். விக்கிரக வழிபாடா இல்லையா என்பதைச் சந்தையில் விலை பேச முடியாதுதான். ஆனால் இங்கே சண்டை விக்கிரக வழிபாடு கூடாது என்பதில் அல்ல. அதில் இயேசு சபையாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. இந்தக் குறிப்பிட்ட சடங்கு வழிபாடுதானா என்பதில்தான் சண்டை. அது உள்ளூர் உண்மை பற்றிய கேள்வி. அதற்கு ரோமே 1645-இலும் 1656-இலும் வெவ்வேறு பதில் சொல்லியிருந்தது. பிற்பாடு 1939-இல் சீனச் சடங்குகளைக் குடிமை மரியாதை என்று ஏற்று, மறைபரப்பாளர்கள் எடுத்துவந்த எதிர்ப்பு உறுதிமொழியை நீக்கியது; அடுத்த ஆண்டே மலபார் சடங்குகள் பற்றிய உறுதிமொழியையும் கைவிட்டது. காலம் மாறிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். இருக்கலாம். மாறக்கூடியது என்று ஒத்துக்கொள்ளும் விஷயத்தை 1704-இல் மாற்ற முடியாததுபோலத் தீர்த்ததுதான் கேள்விக்குரியது.

தமிழ்நாட்டில் தூர்னோனின் கட்டளையால் வெளியேற்றமோ அரச கோபமோ நிகழவில்லை. மதுரை நாயக்க அரசுக்கோ ஆற்காட்டு நவாபுக்கோ கிறிஸ்தவர் தாலியில் என்ன உருவம் இருக்கிறது என்பதில் அக்கறையில்லை. எதிர்ப்பு திருச்சபைக்குள்ளிருந்தே வந்தது. கோவா பேராயரும் மயிலாப்பூர் ஆயரும் கட்டளை செல்லாது என்றார்கள். புஷேயும் சக இயேசு சபைக் குரு பிரான்சிஸ் லைனெஸும் ரோமுக்கே போய் வாதாடினார்கள். லைனெஸ் 1707-இல் லத்தீனில் ஒரு தற்காப்பு நூலை அச்சிட்டார், பிறகு மயிலாப்பூர் ஆயராகவே வந்தார். ரோமோ கட்டளையை உறுதிப்படுத்தியது; கூடவே, ஆன்ம நலனுக்கு ஒத்துவரும் அளவுக்கு நடத்துங்கள் என்று திருத்தந்தை வாய்மொழியாகச் சொன்னதாக இவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள். அந்த ஒரு வாய்மொழியை வைத்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஓட்டினார்கள். இயேசு சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர் தமிழ்நாட்டில் உழைத்து, எழுதியதெல்லாம் இந்த இழுபறிக் காலத்தில்தான்.

1744-இல் பெனடிக்ட் இறுதித் தீர்ப்புச் சொன்னார். தூர்னோனின் பிரிவுகள் பெரும்பாலும் நிலைத்தன. பறையர் வீட்டுக்குக் குரு போக வேண்டும் என்ற பிரிவில் இயேசு சபையார் ஒரு வழி சொன்னார்கள்: பறையர்களுக்கென்றே தனியாகச் சில குருக்களை ஒதுக்கிவிடுகிறோம், மற்றவர்கள் மற்ற சாதியாரைக் கவனிக்கட்டும். திருத்தந்தை அதை ஏற்றுக்கொண்டார். தாலிச் சரடில் தளராத ரோம், தூர்னோன் கொதித்து எழுதிய அந்த இடத்தில் தளர்ந்தது. கோயிலுக்குள் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் ஏற்பாடுகள் அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தன. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்த நடுச்சுவர் இடிக்கப்பட்டது 1910-இல்.